தலையணை உறையில் பன்னிரண்டாவது

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடம். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு. பாம்பைப் பார்த்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்க்கும்படி இருபத்தேழு வருடம் என்னைப் பழக்கியிருந்தார்கள். அன்றும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பாம்பு தொங்குவது என் மகளின் கையில் என்பது மண்டையில் ஏறியது.

"அத்தா, இது எந்தா? ரிப்பனா?" என்று கேட்டாள் நஸ்ரின்.

பென்சில் கனம். ஒரு சாணைவிடக் கொஞ்சம் நீளம். வெளிர்சாம்பல் உடம்பில் வரிசையாகக் கறுப்பு வளையங்கள். துடுப்பைப் போலத் தட்டையான வால். பதினேழு வயதுப் பெண் அதை ரிப்பன் என்று நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் அது வலைகடியன் என்று படகுக்காரர்கள் சொல்லும் கடல்பாம்பின் குட்டி. பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. கடிப்பதற்கு அதற்கு வயது ஒரு தடையும் இல்லை.

நான் விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஆய்வகத்துப் பிள்ளைகள், "ரகீம் இக்கா, கடல்பாம்பை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள்" என்று மலையாளத்தில் கேட்டார்கள். இப்போது அவர்கள் போட்டோ எடுத்துப் போனில் போட்டால் போனே பெயர் சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் என்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று புரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், தமிழில்தான் எழுதுவேன். யாரையாவது பிடித்துப் படித்துக்கொள்ளட்டும். என் மகளும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அந்த தைரியத்தில்தான் சில விஷயங்களை இங்கே மறைக்காமல் சொல்கிறேன்.

தென்காசிப் பக்கத்தில் விலங்கியல் படித்துவிட்டு, கொச்சியில் கடல் ஆய்வகம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் ஒன்றரை வருடம் பாட்டில் கழுவினேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பாட்டில்கள் சுத்தமாக இருந்தன. பிறகு என்னை சூசன் மேடத்திடம் அனுப்பினார்கள்.

மேடம் குள்ளம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நான் பார்த்தவரை எதற்கும் ஓடியதில்லை, சத்தம் போட்டதும் இல்லை. கோபம் வந்தால் மட்டும் என்னை "ரகீம்" என்பார். மற்ற நேரமெல்லாம் "ராவுத்தரே" தான். தோப்பும்படி துறைமுகத்தில் இழுவலைப் படகுகள் வந்து நிற்கும். வலையில் மீனோடு மாட்டிய பாம்புகளைப் படகுக்காரர்கள் கடலிலேயே வீசிவிடுவதுதான் வழக்கம். எங்களுக்காக மட்டும் சிலதைத் தண்ணீர் நிறைத்த பீப்பாயில் போட்டு வைத்திருப்பார்கள். கடல்பாம்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். அனுமதிக் கடிதத்தோடு அளந்து, பார்த்து, எழுதிக்கொண்டு, அன்று கடலுக்குப் போகும் படகிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

முதல் நாள் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "ராவுத்தரே, பேர் பறயண்டா. கண்டது பற" என்றார். பெயர் சொல்லாதே, பார்த்ததைச் சொல் என்று அர்த்தம்.

"பாம்பு மேடம்" என்றேன்.

"அது பேரு. வாலிலிருந்து ஆரம்பி."

வாலிலிருந்து ஆரம்பித்தேன். இருபத்தேழு வருடமும் வாலிலிருந்துதான் ஆரம்பித்தேன். நிலத்துப் பாம்புக்கு வால் கூராக முடியும். கடல்பாம்புக்கு யாரோ இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்தியது போல இருக்கும். அடுத்தது வயிறு. நிலத்துப் பாம்பு வயிற்றில் உள்ள அகலச் செதில்களை ஊன்றித்தான் நகர்கிறது. கடல்பாம்பில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் செதில்கள் சிறுத்துவிட்டன. தரையில் போட்டால் ஈரக் கயிறு மாதிரி கிடக்கும். "பாவம்" என்று சொல்லத் தோன்றும். சொல்லக்கூடாது. அடுத்தது மூக்கு. மூக்குத் துளைகள் முகத்தின் உச்சியில் இருக்கும். தண்ணீருக்குள் போனதும் மூடிக்கொள்ளச் சின்ன மூடிகளும் உண்டு. உள்ளே ஒரே நுரையீரல், கிட்டத்தட்ட வால்வரை. குடிக்கும் உப்பை வெளியே தள்ள நாக்குக்கு அடியில் ஒரு சுரப்பி. தோல் வழியாகவும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும். மணிக்கணக்கில் மேலே வராமல் கீழே கிடக்க அதனால்தான் முடிகிறது.

கடைசியில்தான் முகம். வலைகடியனுக்கு மேல்மூக்கு கிளி மூக்கு மாதிரிக் கொஞ்சம் கீழே வளைந்திருக்கும். தாடையின் நுனியில் ஒரு ஆழமான வெட்டு. அதில் ஒரு செதில் ஊசி மாதிரி ஒடுங்கி ஒளிந்திருக்கும். வாயை அகலமாகத் திறக்க அந்த வெட்டு உதவுகிறது. கெளுத்தியையும் பேத்தையையும் முள்ளோடு விழுங்குகிற பாம்புக்கு அப்படி ஒரு வாய் வேண்டும்தானே. குட்டியாக இருக்கும்போது வளையங்கள் பளிச்சென்று இருக்கும். வளர வளர மங்கிக் கடைசியில் சிமென்ட் நிறமாகிவிடும். வயசான வலைகடியனைப் பார்த்தால் பயமே வராது. அதுதான் தொல்லை.

படகில் வேலை பார்த்த குளச்சல்காரர் அந்தோணி அண்ணனுக்கும் பயம் வரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். படகில் வலையை உதறும்போது ஒன்று அவர் கால்விரலில் வாயை வைத்துவிட்டுப் போனது. நான் பதறினேன்.

"எறும்பு கடிச்சா இதவிட வலிக்கும்டே. போய் சாயா வாங்கிட்டு வா" என்றார்.

அவர் சொன்னது உண்மை. பல்லே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். வலி இல்லை, வீக்கம் இல்லை, விரலில் ஒரு சின்னப் புள்ளி மட்டும். சாயா குடித்தார், பீடி பிடித்தார், என்னைப் பெண்பிள்ளை என்று கேலி செய்தார். இரண்டு மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது என்றார். அடுத்து தொடை, பிறகு வாயைத் திறக்க முடியவில்லை. நாலாவது மணி நேரத்தில் சிறுநீர், பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் வந்தது. விஷம் தசையைக் கரைக்கிறது, கரைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கிறது. மருத்துவமனையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேரத்தையும் அறிகுறியையும் எழுதியது நான். பல வாரம் கழித்து எழுந்து நடந்தார். அந்தத் தாள்களை மேடம் வாங்கிப் படித்துவிட்டு, "கையெழுத்து நடுங்குது ரகீம்" என்றார். அவர் என்னை ரகீம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இந்தக் கதையை நான் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. என் மனைவி மைமூனா ரசத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "சோறு திங்கும்போது இதுதான் கிடைச்சுதா?" என்பாள். நஸ்ரினுக்கு மனப்பாடம்.

இனி தலையணை உறைக்கு வருகிறேன்.

பாம்பைப் பீப்பாயிலிருந்து பைக்கு மாற்ற ஒரு முறை இருக்கிறது. கழுத்தைப் பிடிக்கக்கூடாது. உடம்பின் நடுவில் நீள இடுக்கியால் தூக்கி, பையின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, வாலை முதலில் உள்ளே விட வேண்டும். பாம்பு முழுக்க இறங்கியதும் குழாயை உருவி, பையின் கழுத்தை முறுக்கிக் கட்டி, ஈரம் காயாமல் தொங்கவிட வேண்டும். ஆபீசில் தந்த பை முரட்டுத் துணி. உப்புத் தண்ணீர் காய்ந்தால் தகரம் மாதிரி ஆகி, பாம்பின் தோலைத் தேய்க்கும். அதற்கு மிருதுவான பருத்தித் துணி வேண்டும். இரட்டைத் தையல் வேண்டும். அப்படி ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் அடுக்கடுக்காக இருந்தது. எர்ணாகுளம் பிராட்வேயில் மைமூனா பேரம் பேசி வாங்கிய, ரோஜாப்பூப் போட்ட உறைகள்.

இருபத்தேழு வருடத்தில் நான் எடுத்தது ஏழு. ஒவ்வொரு முறையும் அவள் சலவைக்காரரைச் சந்தேகப்பட்டாள். ஆளை மாற்றினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

தலையணை நழுவாமல் இருக்க உறையின் வாய்ப்பக்கம் ஒரு சாண் துணியை உள்ளே மடித்துத் தைத்திருப்பார்கள். அந்த மடிப்பை மேடம் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். "இதை வெட்டி எடுத்துட்டு உபயோகி ராவுத்தரே. ஒளிய இடம் கொடுத்தா யாரும் ஒளிவாங்க" என்றார். இன்னொரு கட்டளையும் உண்டு. வேலை முடிந்ததும் பையை உள்வெளியாகத் திருப்பி மூன்று முறை உதறி, சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட வேண்டும். ஆறு உறைகளின் மடிப்பை வெட்டினேன். ஏழாவதை வெட்டவில்லை. சலவைக்காரரும் பாவம், இதையாவது துவைத்துச் சத்தமில்லாமல் அலமாரியில் திருப்பி வைத்துவிடலாம் என்று ஒரு நல்லெண்ணம். திருடன் மனம் திருந்தினால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை வந்தது ஒரு பெரிய பெண் வலைகடியன். இது முட்டையைக் கரையில் வந்து இடுவதில்லை, குட்டி போடும். பையில் கட்டித் தொங்கவிட்டது ஒரு பாம்பை. மதியம் திறந்தால் உள்ளே ஒரு குடும்பம். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் விட்டேன். பதினொன்று. எழுதினேன். சாயங்காலப் படகில் தாயையும் பதினொன்றையும் அனுப்பினேன். பையைத் திருப்பினேன், மூன்று முறை உதறினேன். துவைக்கும் இடத்தில் குழாய் கெட்டிருந்ததால், ஈரப் பையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, மட்டாஞ்சேரி வீட்டு பால்கனியில் வைத்தேன். மைமூனா தன் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பாலக்காடு போயிருந்தாள். நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று நஸ்ரின் என்னோடு இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் இறால் உரித்து முடித்துவிட்டுக் கை கழுவ பால்கனிக்குப் போனாள். கவரைப் பார்த்தாள். ரோஜாப்பூவைப் பார்த்தாள்.

"அத்தா! அம்மாவோட உறை! அப்ப கள்ளன் நீங்கதானா?" என்று கத்தினாள். வெற்றிக் களிப்பில், உறையை நேராக்க இடது கையை மடிப்புக்குள் விட்டுத் துழாவி, கிடைத்ததை இழுத்து வெளியே எடுத்தாள்.

"கீழ போடு" என்றேன். இரண்டாவது முறை சொல்வதற்குள் அவள் போட்டுவிட்டாள், என் முகத்தைப் பார்த்து.

அவள் இடது கை விரல்களைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து புள்ளிகள். இறாலின் கொம்பு குத்தினால் ஒரு புள்ளி. வலைகடியன் குட்டி கடித்தாலும் ஒரு புள்ளி. இரண்டையும் பிரித்துச் சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இருந்தால் அது நான்தான். என்னால் சொல்ல முடியவில்லை.

"வலிக்குதா?"

"இல்லயே."

யாரிடம் கேட்டாலும் வலிக்கவில்லை என்று சொல்ல வேண்டும் என்றுதான் விரும்புவோம். ஆனால் அந்தோணி அண்ணனுக்கும் முதலில் வலிக்கவில்லை.

அவளுடைய துப்பட்டாவை எடுத்து விரலிலிருந்து தோள்வரை சுற்றி, தோசைத் திருப்பியை வைத்துக் கட்டினேன். கையை அசைக்காதே, நடக்காதே, பேசாதே என்றேன். குட்டியை இடுக்கியால் பூஸ்ட் பாட்டிலில் போட்டேன். பத்தே முக்காலுக்கு மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

மேடம் முழுக்கக் கேட்டார். பிறகு, "எந்த முனையைப் பிடிச்சு இழுத்தா?" என்றார்.

"தெரியலயே மேடம்."

"மகள் எங்க இருக்கா?"

"பக்கத்துலதான்."

"அப்ப அவகிட்ட கேளு ரகீம்."

நஸ்ரின் போனைத் தானே வாங்கிப் பேசினாள். "வாலுதான் ஆன்ட்டி. தலை தையலுக்குள்ள மாட்டியிருந்துச்சு. இழுத்தப்ப நூலோட வந்துச்சு."

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். குட்டியின் வாயோரத்தில் ஒரு வெள்ளை நூல். மூன்று உதறலுக்கும் அது ஏன் விழவில்லை என்று அப்போது புரிந்தது. வலைகடியன் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? கிடைத்ததைக் கடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது.

"நூலைக் கடிச்ச வாய் விரலைக் கடிக்க நேரம் இல்லாம இருந்திருக்கலாம்" என்றார் மேடம். "ஆனா துழாவும்போது என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போ. எட்டு மணி நேரம் பார்க்கணும். எட்டு மணி நேரத்துல ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல."

ஆட்டோ வெலிங்டன் தீவு வழியாக எர்ணாகுளத்துக்கு ஓடியது. ஞாயிற்றுக்கிழமை, சாலை காலி. ஆட்டோக்காரர் தோசைத் திருப்பியைக் கண்ணாடியில் மூன்று முறை பார்த்துவிட்டு, "கையொடிஞ்ஞோ மோளே?" என்று கேட்டார். "இல்ல சேட்டா, அத்தாக்கு தலைக்குத்தான் சுகமில்ல" என்றாள் இவள். பேசாதே என்று நான் சொன்னதை அவள் கடைசிவரை மதிக்கவில்லை.

மருத்துவமனையில் இளம் டாக்டர். பாம்பு என்றதும் விஷமுறிவு மருந்தை எடுக்கச் சொன்னார். நான் குறுக்கே விழுந்தேன். "அது நிலத்துப் பாம்பு நாலுக்கு உள்ளது ஸார். இதுக்கு வேலை செய்யாது." பாட்டிலை மேஜையில் வைத்தேன். வாலிலிருந்து ஆரம்பித்தேன். வயிறு, மூக்கு, தாடை வெட்டு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தன் சீனியருக்கு ஒரு போன் செய்தார். திரும்பி வந்து, "சேட்டன் பறஞ்ஞது சரியாணு. டிரிப் போட்டு, ரத்தம் பார்த்து, காத்திருக்கலாம். டென்ஷன் அடிக்கண்டா" என்றார். பாட்டிலை மட்டும் தன் மேஜையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அந்தக் குட்டி மறுநாள் படகில் கடலுக்குப் போய்விட்டது.

காத்திருந்தோம். அரை மணிக்கொரு முறை வாயைத் திற, முழுங்கு, கழுத்தைத் தூக்கு, கண் இமையை உயர்த்து என்று நான் சொல்ல வேண்டும், அவள் செய்ய வேண்டும். டிரிப் ஏறிக்கொண்டிருந்ததால் அவள் அடிக்கடி பாத்ரூம் போனாள். ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் கொஞ்சம் கொண்டுவர வேண்டும். நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். நேரம் எழுதுவேன். வெளிர் மஞ்சள், வெளிர் மஞ்சள், வெளிர் மஞ்சள்.

"அத்தா, இதைப் பெரிய பொண்ணோட அத்தா யாரும் செய்ய மாட்டாங்க. எனக்கு நாணமா இருக்கு."

"எனக்கு மட்டும் ஆசையா?"

இரண்டரை மணிக்குக் கிண்ணத்தை என் கையில் தந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பார்த்தேன். கறுப்பு கலந்த பழுப்பு. கட்டன் சாயா.

அடுத்து என்ன நடந்தது என்று எனக்கு முழுக்க ஞாபகம் இல்லை. சுவரைப் பிடித்ததும் சரிந்ததும் தெரியும். அந்தோணி அண்ணனின் திறக்காத வாய் கண்முன் வந்தது. "நர்ஸ்" என்று கூப்பிட வாயைத் திறந்து "மேடம்" என்று கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

"அத்தா! அத்தா! சாயாதான்! சத்தியமா கட்டன் சாயா! பக்கத்து பெட் அம்மாவோட பிளாஸ்க்ல இருந்து வாங்கினது!" அவளே பயந்து போய் என்னைத் தாங்கிப் பிடித்தாள், டிரிப் குழாயோடு.

நர்ஸ் வந்து இரண்டு பேரையும் மலையாளத்தில் திட்டினார். பிறகு கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "சக்கரை போட்டிருக்கு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அன்று அந்த வார்டில் மிகவும் மோசமான எண் என்னுடையதுதான். மறுபக்கத்தில் காலியாக இருந்த கட்டிலில் என்னையும் படுக்க வைத்தார்கள். படுத்தபடியே மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் சத்தமாகச் சிரித்தார். "அந்தப் பொண்ணை ஆய்வகத்துல சேர்த்திருக்கணும் ராவுத்தரே. உன்னைவிட நல்லா கவனிச்சிருக்கா."

மைமூனாவும் இடையில் இரண்டு முறை கூப்பிட்டாள். முதல் முறை, "சாப்பிட்டாளா?" என்றாள். சாப்பிட்டாள் என்றேன். "என்ன பண்றா?" படிக்கிறாள் என்றேன். நான்கு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல். நிச்சயதார்த்த வீடு, சமையல் பாத்திரம் உருளுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். "இப்ப என்ன பண்றா?" தூங்குகிறாள் என்றேன். "நீங்க?" நானும் படுத்திருக்கிறேன் என்றேன். அது பொய் இல்லை. நஸ்ரின் அடுத்த கட்டிலில் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

ஐந்து மணி. ஆறு மணி. கழுத்தைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள். ஆறு நாற்பதுக்கு டாக்டர் இரண்டாவது ரத்தப் பரிசோதனையின் தாளோடு வந்தார். தசை சரி, சிறுநீரகம் சரி. காலைவரை இருக்கட்டும், ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் மெதுவாக விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்.

இன்றைக்கும் இறால் உரித்த கையோடு அவள் என் பக்கத்தில் வந்தால் என் கண் அவள் விரலுக்குத்தான் போகிறது. ஓய்வுக் கடிதத்தை மறுநாளே எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று மட்டும் எழுதினேன்.

அன்று மாலை ஆறு ஐம்பதுக்கு வார்டுக் கதவு திறந்தது. மைமூனா. கையில் துணிப்பை, தலையில் ரயில் தூசி, கல்யாணத்துக்கு உடுத்தும் சேலை. என்னைத் தாண்டி நேராக மகளிடம் போனாள். நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், இடது கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக முத்தமிட்டாள். நஸ்ரின், "நான்தான் மத்தியானமே சொன்னேன் அத்தா. உங்ககிட்ட சொல்லாதன்னும் நான்தான் சொன்னேன். உங்களுக்கு பிபி இருக்குல்ல" என்றாள்.

அப்படியானால் நான்கு மணிக்குக் கேட்ட இரைச்சல் ரயில்.

மைமூனா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை.

"மேடத்துக்குப் பத்தே முக்காலுக்குச் சொன்னீங்க" என்றாள். "எனக்கு எத்தனை மணிக்குச் சொல்றதா இருந்தீங்க?"